சமுதாயக் கல்லூரியில் ஒரு மாற்றம் நிலைக்க வேண்டுமானால்: ஆசிரியர்களை உள்ளே கொண்டுவரும் முழுமையான வழிகாட்டி

கலிஃபோர்னியாவில் சமுதாயக் கல்லூரிகளில் கணிதம் நடத்துகிறேன். முதலில் பல வருடம் பகுதிநேரம், பிறகு முழுநேரம், நடுவில் சில காலம் கல்வி விஷயங்களில் ஆசிரியர்கள் சார்பாகப் பேசும் மன்றமான அகாடமிக் செனட்டிலும் இருந்தேன். இத்தனை காலத்தில் வந்துபோன சீர்திருத்தத் திட்டங்களை எண்ண இரண்டு கை விரல்களும் போதாது. பெரும்பாலும் ஒரே மாதிரிதான் வரும். செமஸ்டர் தொடங்குவதற்கு முன்னால் ஆசிரியர் பயிற்சிக்கென்று ஒதுக்கிய ஃப்ளெக்ஸ் டே அன்று எல்லோரையும் அரங்கில் உட்கார வைத்து, வெளியிலிருந்து வந்த ஆலோசகர் ஒருவர் ஸ்லைடு போட்டுக் காட்டுவார், கல்லூரித் தலைவர் சில வார்த்தை பேசுவார், மதியச் சாப்பாடு, அப்புறம் மூன்று வருடத்தில் மானியம் தீர்ந்ததும் அந்தத் திட்டத்தின் பெயர்கூட யாருக்கும் ஞாபகம் இருக்காது. நிலைத்து நின்றவை ஒன்றிரண்டுதான். அந்த ஒன்றிரண்டிலும் வகுப்பில் நிற்கும் ஆசிரியர்கள் முதல் நாளிலிருந்தே உள்ளே இருந்தார்கள்.

அமெரிக்கச் சமுதாயக் கல்லூரியில் வேலை பார்க்கும் நம்மவர்கள் இப்போது நிறையப் பேர். டீன் ஆனவர்களும் இருக்கிறார்கள், நேற்றுப் பகுதிநேரமாகச் சேர்ந்தவர்களும் இருக்கிறார்கள். அவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

தமிழ்நாட்டிலிருந்து படிப்பவர்களுக்கு ஒரு விளக்கம். நம் ஊரில் சமுதாயக் கல்லூரி என்றால் 1996இல் தொடங்கிய சென்னை சமுதாயக் கல்லூரி போல, வேலைக்கான திறன்களைக் குறுகிய காலத்தில் கற்றுத்தரும் இடம் என்றுதான் நினைவுக்கு வரும். யோசனை அமெரிக்காவிலிருந்து வந்ததுதான், ஆனால் அங்கே அளவே வேறு. 1901இல் இல்லினாய் மாநிலத்தின் ஜோலியட்டில் முதல் அரசு ஜூனியர் கல்லூரி தொடங்கியது, இன்று நாடு முழுக்க ஆயிரத்துக்கு மேல் இருக்கின்றன, கலிஃபோர்னியாவில் மட்டும் 116. மதிப்பெண் பார்க்காமல் யார் வந்தாலும் சேர்த்துக்கொள்வார்கள். இரண்டு வருடப் பட்டம், தொழிற்சான்றிதழ், அல்லது இங்கே இரண்டு வருடம் படித்துவிட்டு நான்கு வருடப் பல்கலைக்கழகத்துக்கு மாறிப்போவது, எல்லாமே உண்டு. கதவு எல்லோருக்கும் திறந்திருக்கிறது, ஆனால் சேர்ந்தவர்களில் படிப்பை முடிப்பவர்கள் மிகக் குறைவாக இருக்கிறார்கள். இருபது வருடமாக நடக்கும் சீர்திருத்தப் பேச்சு எல்லாம் இந்த ஒன்றைச் சுற்றித்தான்.

தொடங்கும் முன்: எந்த வகை மாற்றம் என்று பிரித்துக்கொள்ளுங்கள்

எல்லா மாற்றத்துக்கும் ஆசிரியரைப் பிடித்து இழுக்க வேண்டியதில்லை. நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் 2007இல் ஏசாப் என்று ஒரு திட்டம் தொடங்கியது. முழுநேரமாகப் படிக்க வேண்டும் என்பது நிபந்தனை. பதிலுக்கு, உதவித்தொகை போக மீதி நிற்கும் கட்டணம், பாடப்புத்தகம், பஸ்-ரயில் பாஸ் எல்லாம் கல்லூரி பொறுப்பு, கூடவே ஒவ்வொரு மாணவரையும் பெயர் சொல்லித் தெரிந்த ஆலோசகர் ஒருவர். சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல் மாணவர்களை இரண்டு குழுவாகப் பிரித்து நடத்திய ஆய்வில், மூன்று வருடத்தில் பட்டம் முடித்தவர்கள் திட்டத்தில் இருந்த குழுவில் 40 சதவீதம், இல்லாத குழுவில் 22 சதவீதம். இவ்வளவும் பெரும்பாலும் வகுப்பறைக்கு வெளியே நடந்த வேலை. ஆசிரியரின் பாடத்திட்டத்தில் யாரும் பெரிதாகக் கை வைக்கவில்லை.

ஆகவே உங்கள் மாற்றம் பஸ் பாஸ் வகையா, பாடத்திட்டம் வகையா என்று முதலில் பாருங்கள். பஸ் பாஸ் வகை என்றால் பணமும் நல்ல ஆலோசகர்களும் இருந்தால் பெரும்பகுதி நடந்துவிடும், ஆசிரியர்களுக்குச் சொல்லிவைத்தால் போதும். எந்தப் பாடம் எத்தனை வாரம், யார் எந்த வகுப்பில் உட்காரலாம், எப்படி மதிப்பெண் போடுவது என்று போகிற மாற்றம் என்றால் கீழே உள்ள எல்லாப் படியும் வேண்டும்.

முதல் படி: உங்கள் கல்லூரி உண்மையில் எப்படி நடக்கிறது என்று பாருங்கள்

ஒவ்வொரு கல்லூரியின் வலைத்தளத்திலும் குறிக்கோள் அறிக்கை ஒன்று இருக்கும், மாணவர் வெற்றி, சமத்துவம் என்று. அதை ஓரமாக வைத்துவிட்டு ஒரு செமஸ்டர் முழுக்கச் சில விஷயங்களை மட்டும் கவனியுங்கள். செனட் கூட்டத்தின் பழைய குறிப்புகளை எடுத்து மூன்று வருடத்துக்குப் படியுங்கள். கலிஃபோர்னியாவில் அவை பொது ஆவணம், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். எந்த விஷயம் திரும்பத் திரும்ப வருகிறது, எது ஒரே கூட்டத்தில் முடிந்துவிடுகிறது, டீன் சொன்னதற்கு எத்தனை முறை கேள்வி வந்தது என்று அதிலேயே தெரிந்துவிடும். அடுத்த செமஸ்டருக்கான வகுப்பு அட்டவணையை யார் போடுகிறார்கள் என்று பாருங்கள். காலை பத்து மணி வகுப்புகள் மூத்தவர்களுக்கும் இரவு ஏழு மணி வகுப்புகள் புதியவர்களுக்கும் போகிறதென்றால், மாணவர் வசதியைவிடப் பணிமூப்பு அங்கே பெரியது என்று அர்த்தம். இதில் குற்றம் கண்டுபிடிக்க வேண்டாம், தெரிந்துவைத்துக்கொண்டால் போதும்.

அதைவிட முக்கியமாக, இருபது வருடம் அங்கே இருக்கும் மூன்று பேரோடு தனித்தனியாகக் காப்பி குடியுங்கள். ஒரு ஆசிரியர், பதிவு அலுவலகத்தில் ஒருவர், மாணவர்களுக்குப் படிப்பு ஆலோசனை சொல்லும் கவுன்சிலர் ஒருவர். "இதற்கு முன்னால் இங்கே என்ன முயற்சி செய்தார்கள், அது என்ன ஆயிற்று?" என்று மட்டும் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். நான் பகுதிநேரமாக இருந்த ஒரு கல்லூரியில் இப்படிக் கேட்டபோது, மூத்த ஆசிரியை ஒருவர் அலமாரியைத் திறந்து வரிசையாக ஏழு ஃபைல்களைக் காட்டினார். ஒவ்வொன்றும் அவர் கோடை விடுமுறையில் உட்கார்ந்து உழைத்த ஒரு திட்டம். புதுத் தலைவர் வந்ததும் ஒவ்வொன்றும் நின்றுபோனது. அடுத்த திட்டத்துக்கு அவர் கை கட்டி உட்கார்ந்திருந்ததைப் பார்த்து நிர்வாகத்தில் சிலர் "மாற்றத்துக்குப் பயப்படுகிறார்" என்றார்கள். அந்த ஏழு ஃபைலைப் பார்த்தவர் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். நிறுவனத்தின் பண்பாடு என்று பெரிய பெயர் வைத்துச் சொல்கிறோமே, அதில் பாதி இப்படிச் சேர்ந்த நினைவுதான். யாரும் எழுதிவைப்பதில்லை, ஆனால் அடுத்தவர் என்ன எதிர்பார்க்கலாம் என்பதை எல்லோருக்கும் கற்றுக்கொடுத்துவிடுகிறது.

இரண்டாம் படி: எண்களை ஆசிரியர்களோடு சேர்ந்து பாருங்கள்

முன்பெல்லாம் கல்லூரியில் சேர்ந்தவுடன், எந்த நிலை வகுப்பில் உட்காரலாம் என்று முடிவு செய்ய ஒரு பிளேஸ்மென்ட் தேர்வு வைப்பார்கள். அதில் குறைவாக வாங்கினால் கல்லூரி நிலைப் பாடத்துக்குக் கீழே மூன்று படி, நான்கு படி என்று, பள்ளி அடிப்படையைத் திரும்பக் கற்றுத்தரும் ரெமெடியல் வகுப்புகள். அவற்றின் கிரெடிட் (படித்த பாடத்துக்கான கணக்கு) பட்டத்தில் சேராது, பணமும் காலமும் மட்டும் போகும். அந்த வகுப்புகளை நடத்திய ஆசிரியர்கள் நல்ல மனதோடுதான் நடத்தினார்கள், நானும் நடத்தியிருக்கிறேன். என் வகுப்பில் நான்கில் மூன்று பேர் தேறுவார்கள், எனக்கும் திருப்தியாக இருக்கும்.

இப்போது ஒரு கணக்குப் போடுங்கள். 100 மாணவர்கள் மூன்று படி கீழே தொடங்குகிறார்கள். கல்லூரி நிலைப் பாடத்தையும் சேர்த்தால் மொத்தம் நான்கு வகுப்பு. ஒவ்வொன்றிலும் 75 சதவீதம் தேர்ச்சி, தேறியவர்களில் 80 சதவீதம் பேர் அடுத்த செமஸ்டரில் திரும்பி வந்து பதிவு செய்கிறார்கள் என்று வையுங்கள். இரண்டுமே கேட்க நல்ல எண்கள்தான். கடைசியில் கல்லூரிக் கணக்கைத் தேறி வெளியே வருவது 16 பேர். எந்த ஆசிரியரும் மோசமாக நடத்தவில்லை, ஆனாலும் 84 பேர் காணாமல் போகிறார்கள். நாங்கள் ஒவ்வொருவரும் நம் வகுப்பை மட்டும் பார்த்துக்கொண்டிருந்ததால் அந்த 84 பேர் யார் கண்ணிலும் படவில்லை.

இதே கணக்கை வெளியிலிருந்து வந்த ஆலோசகர் ஸ்லைடில் போட்டால் ஆசிரியர்கள் காதில் அது குற்றச்சாட்டாக விழும். துறைக்குள் உட்கார்ந்து நம் கல்லூரிப் பதிவேட்டை வைத்து நாமே போட்டால் அறையே அமைதியாகிவிடும், நான் பார்த்திருக்கிறேன். பால்டிமோர் கவுன்டி சமுதாயக் கல்லூரியில் ஆங்கில ஆசிரியர் பீட்டர் ஆடம்ஸ் இப்படித்தான், தன் கல்லூரியில் ரெமெடியல் ஆங்கிலத்தில் தொடங்கியவர்கள் கடைசியில் எங்கே போனார்கள் என்று தானே பின்தொடர்ந்து பார்த்தார். அதிலிருந்து வந்ததுதான் 2007இல் தொடங்கிய ஏஎல்பி என்கிற முறை. ரெமெடியல் என்று ஒதுக்கப்பட்ட மாணவர்களை நேராகக் கல்லூரி ஆங்கில வகுப்பிலேயே உட்கார வைத்து, அதே ஆசிரியர் அவர்களுக்கு மட்டும் சிறிய துணை வகுப்பு ஒன்றும் எடுப்பார். இன்று கோரெக்விசிட் என்று நாடு முழுக்கப் பேசப்படும் முறைக்கு அது முக்கியமான முன்னோடி. ஒரு துறையின் ஆசிரியர்கள் தங்கள் கணக்கைத் தாங்களே பார்த்ததில் பிறந்தது அது.

அதனால் உங்கள் கல்லூரியின் ஆய்வு அலுவலகத்திடம் மூல எண்களைக் கேட்டு வாங்குங்கள், துறைக் கூட்டத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள், முடிவு எதையும் கையில் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். ஆசிரியர் பெயரோடு தேர்ச்சி விகிதத்தைத் திரையில் காட்டும் தவறை மட்டும் ஒருபோதும் செய்யாதீர்கள். அன்றோடு அந்தத் துறையில் உங்கள் வேலை முடிந்தது.

மூன்றாம் படி: செனட்டுக்கு முதலிலேயே போங்கள்

கலிஃபோர்னியாவில் இது வெறும் மரியாதை இல்லை, சட்டம். 1988இல் வந்த ஏபி 1725 என்ற சட்டமும் அதன் பின் வந்த விதிகளும் கல்வி சார்ந்த விஷயங்களில் அகாடமிக் செனட்டுக்கு அதிகாரபூர்வமான இடம் கொடுத்தன. எல்லோரும் அதைப் "பத்து கூட்டல் ஒன்று" என்று சொல்வோம். பாடத்திட்டம், பட்டத்துக்கான தேவைகள், மதிப்பெண் கொள்கை, மாணவர் தயார்நிலை, ஆசிரியர் பயிற்சி, திட்டமிடலும் பட்ஜெட்டும் போடுகிற முறை என்று பத்து, இருதரப்பும் ஒத்துக்கொள்கிற வேறு எதுவும் பதினொன்றாவது. இவற்றில் கல்லூரி மாவட்டத்தின் (ஒன்றோ பலவோ கல்லூரிகளை நடத்தும் அமைப்பு) நிர்வாகக் குழு செனட்டின் ஆலோசனையை முதன்மையாக நம்பி நடக்க வேண்டும், அல்லது செனட்டோடு பரஸ்பரம் ஒத்துக்கொள்ள வேண்டும். சம்பளம், வேலை நேரம் எல்லாம் செனட்டுக்கு வராது, தொழிற்சங்கத்தின் பொறுப்பு. புதிதாக வரும் டீன்கள் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதைப் பலமுறை பார்த்துவிட்டேன்.

மற்ற மாநிலங்களில் சட்டம் இவ்வளவு தெளிவாக இருக்காது. ஆனாலும் ஆசிரியர் மன்றத்தைச் சுற்றிக்கொண்டு போனால் என்ன ஆகும் என்பதற்கு நியூயார்க்கைப் பார்த்தாலே போதும். நகரப் பல்கலைக்கழகத்தில் ஒரு கல்லூரியில் எடுத்த கிரெடிட் இன்னொரு கல்லூரியில் செல்லாமல் மாணவர்கள் தவித்தது உண்மையான பிரச்சினை. அதைத் தீர்க்க அறங்காவலர்கள் 2011இல் பாத்வேஸ் என்ற பொதுப் பாடத்திட்டத்தை நிறைவேற்றினார்கள். பாடத்திட்டம் ஆசிரியர்களின் பொறுப்பு, அதை மேலிருந்து திணிக்கிறீர்கள் என்று செனட்டும் சங்கமும் நீதிமன்றம் வரை போயின. 2012இல் குவீன்ஸ்பரோ சமுதாயக் கல்லூரியின் ஆங்கிலத் துறை, பாத்வேஸுக்காக எழுத்துப் பாடத்தின் வகுப்பு நேரத்தைக் குறைக்க மாட்டோம் என்று வாக்களித்தது. உடனே நிர்வாகத்திடமிருந்து வேலை நியமனங்களே நிற்கும் என்கிற தொனியில் கடிதம் வந்து, பிறகு வருத்தம் தெரிவிக்க வேண்டியதாயிற்று. 2013இல் சங்கம் நடத்திய வாக்கெடுப்பில் 92 சதவீதம் பேர் பாத்வேஸ் மீது நம்பிக்கையில்லை என்றார்கள். திட்டம் அந்த ஆண்டே நடைமுறைக்கு வந்தது, மாணவர்களுக்கு அதனால் நன்மையும் உண்டு. ஆனால் அந்தக் கசப்பு இல்லாமலே இதைச் செய்திருக்கலாம் என்றுதான் இன்றுவரை நினைக்கிறேன், ஏனென்றால் கிரெடிட் வீணாவதை எந்த ஆசிரியரும் விரும்பியவரில்லை.

வரைவு தயாரான பிறகு செனட்டுக்குப் போனால் அவர்கள் செய்ய முடிந்தது ஆமாம் அல்லது இல்லை என்பது மட்டும்தான். பிரச்சினையை மட்டும் எடுத்துக்கொண்டு போங்கள். செனட் தலைவரிடம், "இதைப் பார்க்க ஒரு குழு வேண்டும், யாரை நியமிப்பீர்கள்?" என்று கேளுங்கள். நியமிப்பது அவர்களாக இருக்கட்டும். எப்போதும் கை தூக்கும் அதே ஐந்து பேர் வந்தால், சந்தேகப்படும் ஒருவரையும் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

நான்காம் படி: எதிர்ப்பவர் எதைக் காப்பாற்றப் பார்க்கிறார் என்று கேளுங்கள்

கலிஃபோர்னியாவில் 2017இல் கையெழுத்தான ஏபி 705 சட்டம் வந்தபோது எங்கள் துறையில் நடந்த சண்டையை மறக்க முடியாது. மாணவர் ஒரே வருடத்துக்குள் கல்லூரி நிலை ஆங்கிலமும் கணிதமும் முடிக்கும் வாய்ப்பைக் கல்லூரி முடிந்தவரை உயர்த்த வேண்டும், உயர்நிலைப் பள்ளி மதிப்பெண்ணைப் பார்த்து வகுப்பில் சேர்க்க வேண்டும் என்றது சட்டம். 2019 இலையுதிர் காலத்திலிருந்து அது முழுமையாக நடைமுறைக்கு வந்தது. பின்னம் கூட்டத் தெரியாத பிள்ளையைப் புள்ளியியல் வகுப்பில் தள்ளுகிறீர்களே என்று சிலர் கொதித்தார்கள்.

அந்தக் கோபத்தைப் பிரித்துப் பார்த்தால் மூன்று விதம் இருந்தது. சிலருக்கு வேலை போய்விடுமோ என்ற பயம், அதுவும் ரெமெடியல் வகுப்புகளை மட்டுமே நம்பியிருந்த பகுதிநேர ஆசிரியர்களுக்கு. அது நியாயமான பயம், அதற்குப் பதில் வகுப்பு ஒதுக்கீட்டில்தான் இருக்கிறது, சமாதான வார்த்தையில் இல்லை. சிலருக்குத் தரம் பற்றிய கவலை. அவர்களுக்குத் தேர்வுத்தாள்களை எடுத்து வைத்துக் காட்டலாம், இரண்டு வகுப்புத் தாள்களையும் பெயர் மறைத்துச் சேர்ந்து திருத்திப் பார்க்கலாம். மூன்றாவது ரகம்தான் நான் அதிகம் மதிப்பவர்கள், குறிப்பிட்ட ஒரு மாணவர் முகம் அவர்கள் மனதில் இருக்கும். முப்பத்தைந்து வயதில் திரும்பி வந்து பின்னத்திலிருந்து தொடங்கி நர்சிங் வரை போன ஒரு தாயைப் பற்றி எங்கள் சக ஆசிரியர் சொன்னபோது யாராலும் பதில் பேச முடியவில்லை. அவர் சொன்னதை ஏற்றுக்கொண்டுதான் துணை வகுப்பை வடிவமைத்தோம், அதில் முதல் மூன்று வாரப் பாடம் அவர் எழுதியது.

சட்டத்துக்குப் பின் என்ன ஆனது என்பதிலும் ஒரு பாடம் இருக்கிறது. பல இடங்களில் கல்லூரி நிலை வகுப்புக்குள் தேர்ச்சி விகிதம் கொஞ்சம் குறைந்தது, ஆனால் அந்தப் பாடத்தைத் தேறிய மாணவர்களின் மொத்த எண்ணிக்கை நன்றாகக் கூடியது. ஆசிரியர் கண்ணில் படுவது முதல் எண், ஏனென்றால் தோற்றுப்போகும் மாணவர் அவர் எதிரில் உட்கார்ந்திருக்கிறார். நிர்வாகம் பார்ப்பது இரண்டாவது எண். இருவரும் பொய் சொல்லவில்லை. இரண்டு எண்ணையும் ஒரே தாளில் போட்டு வைத்தால் பாதிச் சண்டை குறையும். சட்டத்தை எதிர்த்தவர்கள் எல்லோரும் தவறு என்று நான் சொல்ல மாட்டேன், ஆனால் அந்த 16 பேர் கணக்கைப் பார்த்த பிறகு பழைய முறைக்குத் திரும்பலாம் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

ஐந்தாம் படி: ஆசிரியர் ஆசிரியருக்குச் சொல்லட்டும்

இதே கலிஃபோர்னியாவில் சட்டம் வருவதற்கு வெகு முன்பே இரண்டு ஆசிரியைகள் இந்த வேலையைத் தொடங்கியிருந்தார்கள். லாஸ் மெடனோஸ் கல்லூரியில் கணிதம் நடத்திய மைரா ஸ்னெல், அல்ஜீப்ராப் படிக்கட்டைச் சுற்றிப்போக, நேராகப் புள்ளியியலுக்குத் தயார் செய்யும் ஒரு பாடத்தை 2009இல் தொடங்கினார். ஷபோ கல்லூரியின் ஆங்கில ஆசிரியை கேட்டி ஹெர்னோடு சேர்ந்து 2010இல் கலிஃபோர்னியா ஆக்செலரேஷன் ப்ராஜெக்ட் என்று தொடங்கி, மற்றக் கல்லூரி ஆசிரியர்களை அழைத்துப் பயிற்சி கொடுத்தார்கள். பாடத்தை எப்படி நடத்துவது, முதல் தேர்வில் தோற்றவரிடம் என்ன பேசுவது, வீட்டுப்பாடம் எப்படி இருக்க வேண்டும் என்று கையில் பிடித்துப் பார்க்கக்கூடிய விஷயங்களைப் பேசினார்கள். நாளைக் காலை எட்டு மணி வகுப்பில் என்ன செய்வது என்பதற்குப் பதில் இருந்தால் ஆசிரியர் காது கொடுப்பார்.

உங்கள் இடத்தில் விருப்பமுள்ள மூன்று நான்கு பேரோடு தொடங்குங்கள். வாரம் ஒரு மணி நேரம் அவர்கள் சந்திக்கட்டும், அந்த நேரத்துக்குச் சம்பளமோ வகுப்புக் குறைப்போ கொடுங்கள். சோதனை வகுப்புகள் நிரந்தரமாகச் சோதனையாகவே இருந்துவிடும் ஆபத்து உண்டு. 40 பிரிவு நடக்கும் பாடத்தில் மூன்று பிரிவு மட்டும் வருடக்கணக்கில் புதுமுறையில் ஓடும், ஆண்டறிக்கையில் படம் வரும், மீதி 37 பிரிவில் ஒன்றும் மாறாது. அதனால் தொடங்கும்போதே எந்த எண் வந்தால் எப்போது விரிவாக்குவோம், வராவிட்டால் எப்போது நிறுத்துவோம் என்று எழுதிச் செனட்டில் வையுங்கள்.

ஆறாம் படி: பகுதிநேர ஆசிரியர்களுக்கு நேரமும் பணமும் கொடுங்கள்

அமெரிக்கச் சமுதாயக் கல்லூரிகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ஆசிரியர்கள் பகுதிநேரம். நம் ஊர் அரசுக் கலைக் கல்லூரிகளின் கௌரவ விரிவுரையாளர்கள் நிலை தெரிந்தவர்களுக்கு அதிகம் விளக்க வேண்டியதில்லை. கலிஃபோர்னியாவில் ஒரு மாவட்டத்தில் முழுநேரப் பளுவில் 67 சதவீதத்துக்கு மேல் பகுதிநேரமாக எடுக்க முடியாது, அதனால் குடும்பம் நடத்த இரண்டு மூன்று மாவட்டங்களில் ஓடுவார்கள். ஃப்ரீவே ஃப்ளையர் என்று பெயர். நானும் ஒரு நாளில் இரண்டு கல்லூரி, நடுவில் காருக்குள் சாப்பாடு, மாணவர் சந்தேகம் கேட்டால் பார்க்கிங்கில் நின்று பதில் என்று வருடக்கணக்கில் இருந்தேன். அப்போது ஒரு கல்லூரியில் பாடத்திட்டம் மாறியது எனக்குத் தெரிந்தது செமஸ்டர் தொடங்க ஆறு நாள் இருக்கும்போது, அதுவும் புத்தகக் கடைக்காரர் சொல்லி.

முழுநேர ஆசிரியர்கள் மட்டும் உட்கார்ந்து எடுத்த முடிவு, அந்தப் பாடத்தின் பெரும்பான்மை வகுப்புகளை நடத்துபவர்களுக்குத் தெரியாமலே போகும் என்பதை யோசித்துப் பாருங்கள். பயிற்சிக்கு மணிக் கணக்கில் சம்பளம் கொடுங்கள், இலவசமாக வரச்சொல்லாதீர்கள். கூட்டத்தை ஒருமுறை மதியம், ஒருமுறை ஜூமில் இரவு வையுங்கள். பாடக்குழுவில் அவர்களுக்கு வாக்குள்ள இடம் கொடுங்கள். புதுமுறையில் பயிற்சி எடுத்தவருக்கு அடுத்த செமஸ்டர் வகுப்பு உறுதி என்று எழுதிக் கொடுக்க முடிந்தால் கொடுங்கள், சங்கத்தோடு பேசிச் செய்ய வேண்டிய வேலை இது, கடினம்தான். பட்ஜெட்டில் இதற்கு இடமில்லை என்றால் மாற்றத்தை ஒரு வருடம் தள்ளிப்போடுங்கள் என்றுதான் சொல்வேன்.

ஏழாம் படி: தலைவர் மாறினாலும் நிற்கும்படி செய்யுங்கள்

கல்லூரித் தலைவர்கள் சில வருடத்தில் வேறு இடத்துக்குப் போய்விடுவார்கள், ஆசிரியர்கள் முப்பது வருடம் இருப்பார்கள். அதனால் மாற்றம் ஆசிரியர் வாழ்க்கையின் வழக்கமான இடங்களில் போய் உட்கார வேண்டும். புது ஆசிரியர் தேர்வில் கேட்கும் கேள்வி, மாதிரி வகுப்பு, டெனியூர் (பணி நிரந்தரம்) மதிப்பீடு, துறையின் திட்ட மறுஆய்வு, இந்த நான்கிலும் அது இருக்கிறதா என்று பாருங்கள். சிறந்த சமுதாயக் கல்லூரிக்குக் கொடுக்கும் ஆஸ்பென் பரிசை 2011இல் முதன்முதலாக வாங்கிய ஃபுளோரிடாவின் வெலன்சியா கல்லூரியில், டெனியூருக்குப் போகும் ஆசிரியர் தன் மாணவர் கற்றல் பற்றித் தானே ஒரு கேள்வியை எடுத்து, வகுப்பிலேயே சோதித்துப் பார்த்து, சக ஆசிரியர்கள் முன் வைக்க வேண்டும். அப்படிப் பல வருடம் ஆட்களை எடுத்து வளர்த்த இடத்தில் சீர்திருத்தம் என்று தனியாக ஒன்றை அறிவிக்க வேண்டிய தேவையே குறைந்துவிடுகிறது.

அந்த ஏழு ஃபைல் ஆசிரியை பிறகு எங்கள் துணை வகுப்புக் குழுவுக்கு வந்தார். முதல் கூட்டத்தில் அவர் கேட்டது ஒரே கேள்விதான்: "மானியம் தீர்ந்த பிறகு இந்த ஒரு மணி நேரச் சந்திப்புக்கு யார் பணம் தருவார்கள்?" அதற்குத் துறை பட்ஜெட்டில் நிரந்தர ஒதுக்கீடு ஒன்றைப் போட வைக்க எங்களுக்கு இரண்டு வருடம் ஆனது. உங்கள் திட்டத்தின் முதல் கூட்டத்திலேயே அந்தக் கேள்வியை நீங்களே எழுப்பிவிடுங்கள்.